மிக்ஸருக்குப் பக்கத்தில் போன் வைக்காதே

அவன் எங்கள் மேல்வீட்டுக்குக் குடிவந்த கிழமையே நான் சண்டைக்குப் போனேன்.

டென்மார்க்கில் பிராண்டே என்கிற சின்ன ஊரில் இரண்டு மாடிக் கட்டடம். கீழே நானும் என் புருசனும், மேலே அவன். நான் முதியோர் இல்லத்தில் வேலை. விடியப்புறம் எழும்பிப் போய், மத்தியானம் வந்து விழுந்து படுக்கிறவள். கண்ணை மூடினால் தலைக்கு மேலே ‘தும்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. சரி, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது திரும்ப ‘தும்’. ஒழுங்காக அடித்திருந்தால் பழகிப் போயிருப்பேன். இது வரவேண்டிய இடத்தில் வராமல் ஆளைக் காத்திருக்க வைக்கிற அடி. நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் படுக்கிற உடுப்போடேயே படியேறிப் போய்க் கதவில் குத்தினேன்.

முப்பதைத் தாண்டிய ஒரு பெடியன் திறந்தான். தலையில் ஹெட்போன். ஒரு காது மூடியிருந்தது, மற்றது வெளியே. நான் கத்த வாயெடுக்க முன்னமே “வாங்கோக்கா” என்று கதிரையை இழுத்துப் போட்டான். அறை நிறைய வயரும் பெட்டியும். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, “இதில எது இல்லை எண்டு சொல்லுங்கோ” என்றான்.

“என்ர நித்திரை இல்லை” என்றேன்.

சிரித்தான். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினான். ஆட்டப் பாட்டென்றால் ஒரு சுற்றுக்கு நான்கு முறை பெரிய அடி விழுமாம். அவன் செய்கிற பாட்டில் அதில் இரண்டை எடுத்துவிடுவானாம். லண்டனில் இதற்குக் கராஜ் என்று பெயர்.

“அடிக்கிற இடத்தில ஆரும் ஆடுவினம் அக்கா. விட்ட இடத்திலதான் காலுக்கு வேலை.”

என் காலுக்கு ஏற்கெனவே போதுமான வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அடுத்த நாள் என் புருசன் இரண்டு பழைய கார் டயர்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை அதற்கு மேலே ஏற்றி வைத்தான். சத்தம் பாதியாகியது. டயர் கொண்டுபோன மனிசன் இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் வந்தார். இருவரும் ஒரே தொழிற்சாலையில் மின்சாரம் எடுக்கிற பெரிய காற்றாடிக்கு இறக்கை செய்கிறவர்கள். என் புருசன் வாய் திறக்காத ஆள். அவனும் பாதிதான் கதைப்பான். சரியான சோடி.

பாட்டில் மட்டுமல்ல, கதையிலும் அவன் அப்படித்தான். வேண்டிய இடத்தில் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் சொல்லுவான். பத்து வயதில் இலங்கையில் இருந்து லண்டனில் மாமா வீட்டுக்குப் போனவன். ஒரு உயர்ந்த கட்டடத்தின் உச்சியில், அனுமதி இல்லாத வானொலியில் பாட்டுப் போட்டிருக்கிறான். அவன் செய்த ஒரு இசைத்தட்டை ஒரு கோடை முழுக்க லண்டன் கிளப்புகளில் போட்டார்களாம். அதில் அவன் பெயர் இல்லை. வெறும் வெள்ளைத் தாள். ஏன் பெயர் போடவில்லை என்று கேட்டேன். “போடேல்ல” என்றான். அவ்வளவுதான். அந்தப் பாட்டுக்கு லண்டனில் மவுசு குறைந்த பிறகு, கலியாணம் கட்டி டென்மார்க்குக்கு வந்தான். அந்தக் கலியாணம் என்ன ஆனது என்று கேட்டதற்கு, “அவ டோஸ்ட்ருப்பில. நான் இஞ்ச” என்றான். மூன்று வருசக் குடும்ப வாழ்க்கையை இப்படி முடித்தவனை நான் வேறு காணவில்லை.

கராஜ் என்று சொன்னால் எங்கள் சனம் கார் திருத்துகிறவன் என்று நினைத்தது. ஒரு கிழவர் கியர் இறுகுகிறது என்று இவனிடம் காரைக் கொண்டுவந்து விட்டார். அதையும் பார்த்துக் கொடுத்தான்.

சனி, ஞாயிறுகளில் எங்கள் யூலாந்துப் பகுதி முழுக்க எங்கள் ஆட்களின் கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவன்தான் பாட்டு. சினிமாப் பாட்டைத்தான் போடவேண்டும். போடுவான், ஆனால் அடியை எடுத்துவிட்டுப் போடுவான். வீட்டுக்காரர் வந்து, “தம்பி, அடி காணாது” என்று குறைப்படுவார். “ஓம்” என்பான். மாற்ற மாட்டான். பத்து நிமிசத்தில் அதே வீட்டுக்காரர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். என் புருசன் பெட்டி தூக்க, வயர் சுற்ற என்று கூடப் போவார். வீட்டில் ஒரு வாளி தூக்காத மனிசன்.

அவனுக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. மிக்ஸர் என்கிற அந்தப் பொத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் ஒருவரும் போன் வைக்கக்கூடாது. அந்தக் காலத்துப் போன்களுக்கு ஒரு குணம் இருந்தது. அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முந்தியே பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் ‘டிக் டிடிக் டிடிக்’ என்று இரையத் தொடங்கும். மணி ஓயும்வரை இரைச்சலும் ஓயாது. மற்றவர்கள் பாட்டுச் சத்தத்தில் அதைக் கவனிக்க மாட்டார்கள். அவனுடைய பாட்டில் இடைவெளி இருந்தபடியால் இரைச்சல் நேராக அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அது அவனால் தாங்க முடியாத விசயம்.

ஒரு சாமத்தியவீட்டில், பெரியபிள்ளையான பிள்ளையின் தாய்மாமன் கோட்டுச் சூட்டோடு வந்து மேசையில் சாய்ந்துகொண்டு, அந்தப் பாட்டைப் போடு, இந்தப் பாட்டைப் போடு என்று நின்றார். அன்றைக்கு அவர்தானே ராசா. போனை மிக்ஸருக்கு மேலேயே வைத்துவிட்டார். பிள்ளை மணவறைக்கு நடந்து வருகிற நேரம் இரைச்சல் தொடங்கியது. இவன் பாட்டை அப்படியே நிறுத்தினான். பிள்ளை தட்டோடு நடுவழியில் நின்றது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இரண்டு விரலால் போனைத் தூக்கி நீட்டினான்.

“மாமா, மிக்ஸருக்குப் பக்கத்தில போன் வைக்கக்கூடாது.”

“டேய், நான் தாய்மாமன்.”

“ஓம் மாமா. போனுக்கு அது தெரியாது.”

அந்தக் குடும்பம் அவனைப் பிறகு கூப்பிடவில்லை. ஆனால் அன்றையிலிருந்து சட்டம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதை யாரையும் விடக் கடுமையாகக் காத்தவர் என் புருசன். மேசைக்குக் கிட்ட எந்தப் பெடியன் போனோடு வந்தாலும் வாங்கி நிப்பாட்டித் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொள்வார். நிகழ்ச்சி முடியத்தான் திருப்பிக் கொடுப்பார். வாழ்க்கையில் அந்த மனிசன் ஆரையும் அதட்டிய ஒரே இடம் அதுதான்.

பிறகு யுத்தம் முடிகிற வருசம் வந்தது.

அவனுக்கு ஊரில் மிச்சம் இருந்தது ஒரு தங்கச்சி. புருசனும் இரண்டு பிள்ளைகளும் அவளோடு. வன்னியில் சனத்தோடு சனமாக இடம் மாறி மாறிக் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். மாசியில் ஒருநாள் ஆரிடமோ கெஞ்சி, சற்றலைற் போனில் எடுத்தாள். “உயிரோட இருக்கிறம் அண்ணா. திரும்ப எடுப்பன்.” அதோடு அறுந்தது. இவன் திருப்பி எடுக்க ஒரு நம்பரும் இல்லை. அவளாக எடுத்தால்தான் உண்டு. எப்போது எடுப்பாள் என்றும் தெரியாது.

தொழிற்சாலையில் மேலாளரிடம் சொல்லிப் போனைக் கையோடு வைத்திருந்தான். நிகழ்ச்சிகளில் என்ன செய்வது? காதில் ஹெட்போன், மண்டபம் முழுக்கச் சத்தம், மணி அடித்தால் கேட்காது. அதனால் சட்டம் போட்டவனே சட்டத்தை முறித்தான். பங்குனியில் ஒரு பிறந்தநாளில் நான் கண்ணால் கண்டேன். மிக்ஸருக்கு மேலே அவனுடைய போன் கிடந்தது. என் புருசனுக்கு அன்று வேலை, அவர் வரவில்லை. கேக் வெட்டுகிற நேரம் ஸ்பீக்கர் இரைந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனோடு வெளியே ஓடினான். திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே அவள் இல்லை என்று விளங்கியது. லண்டனில் இருந்து ஆரோ பாட்டு விசயமாக எடுத்திருக்கிறார்கள்.

“எங்களுக்குச் சட்டம், உனக்கில்லையோ?” என்று கேட்டேன். எனக்கு நாக்கு அப்படி.

“எனக்குக் காது கேக்காத தொழில் அக்கா. பெட்டி கேட்டுச் சொல்லும்.”

அதோடு எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களும் நின்றுவிட்டன; இதைப் போய் என் புருசனிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த லண்டன் அழைப்பும் சின்ன விசயமில்லை. பழைய கராஜ் பாட்டுக்குத் திரும்ப ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். ஒரு இசைத்தட்டுக் கொம்பனி இவனிடம் இரண்டு பாட்டுக் கேட்டிருந்தது. சரிவந்தால் திரும்பவும் லண்டன், திரும்பவும் அந்த வாழ்க்கை. மேலே இருந்து எனக்குக் கேட்கும். நல்ல பாட்டு. மரக்கறி வெட்டிக்கொண்டு நின்ற என் காலே ஆடியிருக்கிறது. ஆனால் போன் அந்த அறையிலும் மிக்ஸருக்கு மேலேதான் கிடந்தது. அழைப்பு வராத நேரத்திலும் சும்மா இடைக்கிடை இரையும். பாட்டுப் பதியும்போது அதுவும் சேர்ந்து பதிந்துவிடும். கொம்பனிக்காரர் துப்புரவாக அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இவன் திரும்பப் பதிந்தான். திரும்ப இரைந்தது.

“தள்ளி வையன் அந்தப் போனை” என்றேன்.

“தள்ளி வைச்சா கேக்காது அக்கா.”

கொம்பனிக்காரர் மூன்றாம் முறை கேட்கவில்லை.

வைகாசியில் யுத்தத்தை நிப்பாட்டச் சொல்லிக் கேட்க எல்லாரும் கோபன்ஹேகனுக்குப் போனோம். பிராண்டேயில் இருந்து, ஓல்போர்க்கில் இருந்து, எல்லா இடத்திலும் இருந்து பஸ். நாடாளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான சனம் நிலத்தில் இருந்தது. செத்த பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு கத்தினோம். டெனிஷ்காரர் வெயிலில் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். சிலர் நின்று பார்த்தார்கள். ஒரு மனுசி தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி வந்து தந்தாள். மிச்சப் பேருக்கு நாங்கள் போக்குவரத்துத் தடை.

ஒலிபெருக்கி அவனுடையது. கூத்தாடி, வெள்ளைக்காரருக்குப் பாட்டுப் போடுகிறவன் என்று ஏசினவர்களுக்கும் அன்று அவனுடைய பெட்டி வேண்டும். வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மேடைக்கு அருகில் மேசை. மேசையில் மிக்ஸர். சதுக்கத்தின் மற்றத் தொங்கலில் இன்னொரு ஸ்பீக்கர். அதற்குப் பக்கத்தில்தான் நான் இருந்தேன்.

மைக் பிடித்தவர் ஏற்பாட்டுக் குழுவின் தலைவர். அவர் மைக்கை விழுங்குகிற மாதிரிக் கத்துவார். கத்தக் கத்த ஒரு சொல்லும் விளங்காது. அன்று டெனிஷ் தொலைக்காட்சி வந்திருந்தபடியால் இன்னும் கூடக் கத்தினார். மத்தியானம் போல பொலிஸ்காரன் ஒருவன் வந்து, தூர இருக்கிற ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னான். “அண்ணை, மேசையைப் பாத்துக்கொள்ளுங்கோ” என்று என் புருசனிடம் சொல்லிவிட்டு அவன் சனத்துக்குள்ளால் எங்கள் பக்கம் வந்தான். குந்தி இருந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தப் பெட்டிக்குள் இருந்து வந்தது. ‘டிக் டிடிக் டிடிக்.’

அவனுடைய முகத்தை நான் ஒரு கை தூரத்தில் பார்த்தேன். ஒரு கணம் பெட்டியைப் பிடித்தபடியே இருந்தான். பிறகு எழும்பி ஓடினான். ஓட எங்கே இடம்? சனம் நெருக்கி நிலத்தில் இருந்தது. கால்களை மிதித்துக்கொண்டு, தோள்களைப் பிடித்துக்கொண்டு, “விடுங்கோ, விடுங்கோ” என்று போனான். மேடையில் தலைவர் கத்தினார்: “அந்த இரைச்சலை ஆராவது நிப்பாட்டுங்கோ. ரீவி நிக்குது.”

சதுக்கம் முழுக்க அந்த இரைச்சல். பிறகு நின்றுவிட்டது. அவன் பாதி வழியில் இருந்தான். அவனும் நின்றான்.

நான் எழும்பிப் பின்னாலே போனேன். மேசைக்குப் பக்கத்தில் என் புருசன் நின்றார். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த முகம்.

“இதில இருந்த போன் எங்க அண்ணை?” என்று அவன் வந்து கேட்டான்.

“ஆரோ பெடியன் வைச்சிட்டுப் போட்டான். நான் நிப்பாட்டிட்டன்.” பொக்கற்றில் இருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த மனிசன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அது ஆருடையது என்று அவருக்குத் தெரியாது. அவன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தார்.

அவன் போனை வாங்கி உயிர்ப்பித்தான். கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றான். தலைவர் மேடையில் இருந்து குனிந்து, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினான்.

அது திரும்ப அடிக்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. சில நாளில் யுத்தம் முடிந்ததென்று இலங்கையில் வெடி கொளுத்தினார்கள்.

ஆடியில் தங்கச்சியின் புருசன் வவுனியா முகாமில் இருந்து எடுத்தான். பிள்ளைகள் அவனோடு. அவள் இல்லை. ஷெல். அதற்கு முதல்நாள் ஒருவரின் போனை வாங்கித் தமையனுக்கு அடித்திருக்கிறாள். மணி போனது, பிறகு அறுந்தது என்று வந்து சொன்னாளாம். அண்ணா வேலையில் நிற்பான், நாளைக்கு எடுப்பம் என்றாளாம்.

இதை அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தப் புருசன்காரன் எல்லாருக்கும் எடுத்துச் சொல்லி, ஊர் முழுக்கச் சுற்றி என் காதுக்கு வந்தது. என் புருசனின் காதுக்கும் வந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை.

மேல்வீட்டில் உடல் இல்லாத செத்தவீடு. ஒரு படம், ஒரு விளக்கு. சனம் வந்து நிறைந்தது. மைக் பிடித்த தலைவரும் கோபன்ஹேகனில் இருந்து வந்தார். கதிரையில் இருந்து தியாகம், வரலாறு என்று கதைத்தார். மைக் இல்லாமலே அதே சத்தம். பிறகு ஒரு மனுசி கேட்டாள், ஏன் தம்பி, அவள் எடுத்தபோது போனுக்கு என்ன நடந்தது என்று. அன்று அந்த இரைச்சலைக் கேட்டவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஆனால் அது எப்படி நின்றது என்று மூன்று பேருக்குத்தான் தெரியும்.

சுவரோரம் இருந்த என் புருசன் எழும்பினார். வாய் திறக்காத மனிசன், வாயைத் திறந்தார்.

“பற்றறி முடிஞ்சிட்டுது” என்றான் அவன், அவருக்கு முந்தி. பிறகு தேத்தண்ணித் தட்டத்தோடு வந்து அவருக்கு முன்னால் நின்றான். “இருங்கோ அண்ணை. குடியுங்கோ.”

என் புருசன் திரும்ப உட்கார்ந்தார். கோப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் தலைவரின் சட்டையைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுத்து என்ன செய்வது? அவர் இரைச்சலை நிப்பாட்டச் சொல்லிக் கத்தினார், அவ்வளவுதான். பிழை எங்கே என்று தேடிப் பார்த்தால் பிடிக்க ஒரு கழுத்தும் இல்லை. கையில் அம்பிடாத பிழைதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

அந்த இலையுதிர் காலத்தில் அவன் லண்டனுக்குப் போய்விட்டான். கொம்பனி ஒன்றும் கூப்பிடவில்லை, தானாகத்தான் போனான். அடுத்த வருசம் என் புருசனின் பெயருக்குத் தபாலில் ஒரு இசைத்தட்டு வந்தது. வெள்ளைத் தாள், பெயர் இல்லை. போட்டுப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. என் தமக்கையின் மகனிடம் கொண்டுபோய்ப் போட்டுக் கேட்டோம். மேலே இருந்து எனக்குக் கேட்ட அதே பாட்டு. அந்த இரைச்சல் எங்கேயாவது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். வரவில்லை. விட்ட இடங்கள் எல்லாம் துப்புரவாக இருந்தன. இவர் எழும்பிப் போய் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பாட்டு லண்டனில் நல்லாகப் போனதாம். இப்போது கிழமைக்கு இரண்டு மூன்று இடத்தில் அவனைக் கூப்பிடுகிறார்கள் என்று தமக்கையின் பெடியன் சொல்லுகிறான்.

என் புருசன் அந்த வைகாசிக்குப் பிறகு ஒருநாளும் போனை நிப்பாட்டியது இல்லை. அவருடைய தாய் செத்தபோது சவ அடக்கத்திலும் அது அடித்தது. சனம் முறைத்தது. நான் திருப்பி முறைத்தேன்.

போன மாதம் ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தலையைப் படம் பிடித்தார்கள். அந்தக் கருவிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கதவடியில் என் கையில் தந்தார்.

“நிப்பாட்டாத. கையில வைச்சிரு.”

உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. அவன். வருசத்தில் இரண்டு மூன்று தரம் அவருக்கு எடுப்பான். எனக்கு எடுக்க மாட்டான். எனக்கு நாக்கு அப்படி என்று அவனுக்குத் தெரியும்.

“அண்ணை இல்லையோ?”

படம் பிடிக்கிறார்கள் என்றேன். பிறகு இத்தனை வருசமும் கேட்காததைக் கேட்டேன். “ஏன்ரா அண்டைக்குப் பற்றறி எண்டு சொன்னனி?”

அங்காலே பஸ் போகிற சத்தம். ஆரோ ஆங்கிலத்தில் கதைத்துச் சிரித்தார்கள். நான் போனை வைக்கவில்லை.

“வெளியில வந்தோடன எடுக்கச் சொல்லுங்கோ அக்கா” என்றான் கடைசியில். “நான் நிப்பாட்டாமல் வைச்சிருப்பன்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒரு தாதிப் பெட்டை வந்து, சுவரில் இருந்த போனுக்குக் குறுக்குக் கோடு போட்ட படத்தைக் காட்டி, நிப்பாட்டச் சொன்னாள். டெனிஷில் நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கும் டெனிஷில் ஒரு சொல் தெரியும்.

“நை” என்றேன்.